மூட்டும் மதியும்

முழங்கால் தேய்ந்து, படி ஏறவும் பாயைவிட்டு எழவும் பிறர் கையை எதிர்பார்த்துப் பல ஆண்டுகளைக் கழித்துவிட்ட வயோதிகர் ஒருவர், புதிய மூட்டைப் பெற்றுச் சில வாரங்களுக்குள் கைத்தடியையும் ஒதுக்கிவிட்டுத் தெருக்கோடி வரை நடந்து திரும்புகிறார் என்றால், அது சென்ற நூற்றாண்டின் வைத்திய சாஸ்திரம் மனித குலத்துக்கு அளித்த மகத்தான கொடைகளுள் ஒன்று என்பதில் சந்தேகம் இல்லை. இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்த ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற எலும்புச் சிகிச்சை நிபுணர், முதலில் டெஃப்லானைக் கிண்ணமாக வைத்துப் பார்த்து, அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்துபோகக் கண்டு, மனம் தளராமல் முயன்று, 1962 நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணத்துக்குள் எஃகுக் குமிழ் சுழலும் இடுப்பு மூட்டை அமைத்தார். பல் வைத்தியர்கள் கையாண்டுவந்த அக்ரிலிக் பசையே அதை எலும்போடு பிணைக்கும் சிமென்ட்டாக உதவியது. இடுப்பில் தொடங்கிய அந்த வித்தை முழங்காலுக்கும் பரவி, இன்று உலகெங்கும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்களின் வலியைப் போக்கிவருகிறது.

ஆனால் இந்தச் சிகிச்சைக்கு உட்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அறுபதை ஒட்டியோ அதைக் கடந்தோ இருப்பவர்கள். அந்த வயதில் தேகத்தின் ஓர் அவயவத்தைத் தொட்டால், தொடாத அவயவங்களும் அதிர்கின்றன. கால் தேறிவரும் அதே நாட்களில், நன்கு பழகியவர்களின் பெயர்கூட நாவில் வர மறுப்பதும், தினசரிப் பத்திரிகையைக் கையில் எடுத்தவர் இரண்டு பத்திக்குமேல் மனம் ஊன்றாமல் மடித்து வைத்துவிடுவதும், மாத்திரை சாப்பிட்டோமா இல்லையா என்ற ஐயம் அடிக்கடி எழுவதும் வீட்டிலுள்ளவர்களின் கண்ணுக்குத் தப்புவதில்லை. 'ஆபரேஷன் ஆனதிலிருந்து அப்பாவுக்கு ஞாபகம் முன்னைப்போல இல்லை. எல்லாம் அந்த மயக்க மருந்தின் வேலை' என்று பேசிக்கொள்ளும் குடும்பங்கள் பல. இந்தப் பேச்சில் மெய் எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று நிதானமாக ஆராய்வது அவசியம். ஏனெனில் மெய்யை மறுத்தால் நோயாளிக்கு அநீதி செய்தவர்களாவோம். அச்சத்தை மட்டும் வளர்த்தாலோ, நடக்கக்கூடிய ஒருவரைக் கட்டிலிலேயே கிடத்திவைத்த பழி நம்மைச் சேரும்.

குடும்பத்தார் கூறும் இந்தக் குறையை வைத்திய உலகம் செவிமடுத்து விசாரிக்கத் தொடங்கியது ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்பு. ஆக்ஸ்ஃபோர்டில் முதியோர் வைத்தியராகப் பணிபுரிந்த பெட்ஃபோர்ட் என்பவர், பொது மயக்கத்தில் சஸ்திர சிகிச்சை பெற்ற ஐம்பது வயதுக்கு மேற்பட்ட 1,193 பேரின் வரலாறுகளை ஆராய்ந்து, 1955ஆம் ஆண்டு 'லான்செட்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். உற்றார் உறவினர் சொன்னதைப் புறக்கணிக்காமல் கேட்டுக் குறித்துக்கொண்ட அவர், அவர்களுள் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மனோசக்தி நீடித்த தாழ்ச்சி அடைந்திருப்பதாகக் கருதினார். தவிர்க்க இயலாத தேவை இருந்தாலன்றி வயோதிகர்களை சஸ்திர சிகிச்சைக்கு உட்படுத்தலாகாது என்ற எச்சரிக்கையையும் விடுத்தார். அவருடைய முறையில் ஒரு பெரிய குறை இருந்தது. சிகிச்சைக்கு முன் அந்த நோயாளிகளின் புத்தி எந்த நிலையில் இருந்தது என்று யாரும் அளந்து வைத்திருக்கவில்லை. முன்னிலை தெரியாதபோது பின்னிலையை எதனோடு ஒப்பிடுவது? ஆயினும் கேள்வியை எழுப்பிய பெருமை அவரையே சாரும்.

இந்த விசாரணையில் இறங்குமுன், பொதுமக்கள் ஒன்றாகப் பேசும் இரண்டு உபாதைகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, சிகிச்சை முடிந்த சில மணி நேரத்திலிருந்து ஒருசில தினங்களுக்குள் திடீரென்று தோன்றி, காலையில் குறைந்தும் இரவில் மிகுந்தும் ஏறி இறங்கும் சித்தக் கலக்கம். வைத்தியர்கள் அதை டெலிரியம் என்று குறிப்பார்கள். இரண்டாவது, நோயாளி வீடு திரும்பிய பிறகு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும் மந்தம். புதிதாகக் கற்பதிலும், நினைவில் இருத்துவதிலும், மனத்தை ஒருமுகப்படுத்துவதிலும் முன்பிருந்த கூர்மை குறைந்து காணப்படும் நிலை. 2018ஆம் ஆண்டில் நிபுணர் குழுவொன்று இவை யாவற்றையும் ஒரே வகுப்பில் கொணர்ந்து, முப்பது நாட்களுக்குள் மாறிவிடுவது தாமதமாகத் தேறும் நிலை என்றும், அதற்கு மேல் ஓராண்டு வரை நீடிப்பதே நோயாகக் கருதத்தக்கது என்றும் காலவரையறை செய்தது.

முதல் வகையை அருகிலிருந்து பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுநாள் பகலெல்லாம் தெளிவாகப் பேசி, பேரக் குழந்தைகளை விசாரித்த ஓர் அம்மையார், அன்றிரவு விளக்குகள் அணைந்த பிறகு எழுந்து உட்கார முயல்கிறார். கையில் குத்தியிருக்கும் சலைன் ஊசியைப் பிடுங்குகிறார். சுவரில் பூச்சிகள் ஊர்வதாகக் கூறுகிறார். எந்நாளோ மறைந்த தம் தாயார் வாசலில் காத்திருப்பதாகச் சொல்லி வீட்டுக்கு அழைத்துப்போகும்படி மகளிடம் மன்றாடுகிறார். அடுத்த கணம் அந்த மகளையே நர்ஸ் என்று எண்ணிக் கடிந்துகொள்கிறார். பொழுது விடிந்து காப்பி குடித்ததும் முகம் தெளிகிறது. இரவு நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லாமல் இருக்கலாம். சிலருக்கோ பயங்கரக் கனவுபோல் நினைவில் நின்று, வெட்கத்தால் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டாமல் மனத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். இதைப் பைத்தியம் என்றோ, காற்றுக் கருப்பு என்றோ, வயதின் பிடிவாதம் என்றோ எண்ணுவது தவறு. சுவாசம் தடுமாறினால் எப்படி அது உடனே காரணம் தேடவேண்டிய உபாதையோ, அப்படியே இதுவும் மூளையின் உபாதை.

இதே கலக்கத்துக்கு ஓசையற்ற மற்றொரு ரூபமும் உண்டு. நோயாளி எதையும் பிடுங்குவதில்லை, யாரையும் ஏசுவதில்லை; கண்ணை மூடிக் கிடப்பார், கேட்டதற்கு வெகு நேரம் கழித்து ஒற்றைச் சொல்லில் பதிலளிப்பார், உணவைத் தொடமாட்டார். 'பாவம், அசதி, நன்றாகத் தூங்கட்டும்' என்று எல்லோரும் விலகிப்போய்விடுவார்கள். வயோதிகர்களிடம் அதிகமாகக் காணப்படுவதும், அதிகமாகக் கவனிக்கப்படாமல் போவதும் இந்த மௌன வகைதான். நேற்றைய மனிதருக்கும் இன்றைய மனிதருக்கும் உள்ள வேறுபாட்டைச் சடுதியில் உணரக்கூடியவர் கூடவே வாழ்ந்த உறவினரே ஆகையால், 'இவர் இப்படிப்பட்டவர் அல்லர்' என்று அவர் கூறும் ஒரு வாக்கியத்துக்கு வைத்தியர் பெருமதிப்புக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது வகை, கண்ணால் கண்டு முடிவு கட்டக்கூடியதன்று, அளந்தால்தான் தெரியும். அதற்கு ஒரு பரிசோதனையைச் சான்றாகக் காட்டலாம். பதினைந்து சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் காட்டி, நினைவிருப்பவற்றைச் சொல்லும்படி நோயாளியைக் கேட்பார்கள். அதே பட்டியலை மீண்டும் காட்டி மீண்டும் கேட்பார்கள். வேறு சில சோதனைகளில் அவரை ஈடுபடுத்தியபின், முன்னறிவிப்பின்றி அந்தப் பதினைந்தில் எத்தனை மனத்தில் தங்கியிருக்கின்றன என்று வினவுவார்கள். 'சிவப்பு' என்ற சொல் பச்சை மையில் எழுதப்பட்டிருக்க, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்லவேண்டிய சோதனையும், எழுத்துகளுக்கு உரிய எண்களைக் குறித்த நேரத்துக்குள் நிரப்பவேண்டிய சோதனையும் இந்த வரிசையில் உண்டு. சிகிச்சைக்கு முன் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, மூன்று மாதம் கழித்து மறுமுறை என்று இவற்றை நடத்தும்போது, பழக்கத்தினாலேயே மதிப்பெண் சற்று உயர்வது இயல்பு. ஆதலால் எந்தச் சிகிச்சையும் பெறாத அதே வயதினர் சிலரையும் அதே இடைவெளிகளில் சோதித்து, அவர்கள் அடையும் உயர்வைக் கழித்துப் பார்த்தாலன்றி உண்மையான இழப்பு புலப்படாது.

இவ்வளவு எச்சரிக்கையோடு நடத்தப்பட்ட பெரிய ஆராய்ச்சியின் முடிவு, 1998ஆம் ஆண்டு 'லான்செட்' பத்திரிகையில் வெளியாயிற்று. ஐரோப்பாவின் பல நாடுகளையும் அமெரிக்காவையும் சேர்ந்த மருத்துவமனைகள் ஒன்றுகூடி, இருதயம் அல்லாத பெரிய சஸ்திர சிகிச்சைகளுக்கு உட்பட்ட, அறுபது வயது நிறைந்த 1,218 பேரைப் பின்தொடர்ந்தன. ஒரு வாரத்தில் 25.8 சதவீதத்தினருக்கும், மூன்று மாதத்தில் 9.9 சதவீதத்தினருக்கும் அறிவாற்றல் தாழ்ந்திருந்தது. சிகிச்சை பெறாதவர்களிடம் அதே காலங்களில் காணப்பட்டது 3.4 சதவீதமும் 2.8 சதவீதமுமே. ஆகவே குடும்பத்தார் கூறும் குறை கற்பனை அன்று. அதே சமயம், முதல் வாரத்தில் தடுமாறியவர்களில் பெரும்பாலோர் மூன்று மாதத்துக்குள் தேறிவிடுகிறார்கள் என்ற ஆறுதலும் அந்த எண்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

அந்த ஆராய்ச்சியாளர்கள் ஒரு திடமான எதிர்பார்ப்போடுதான் தொடங்கினார்கள். மூளை, தேகத்தின் எடையில் நூற்றில் இரண்டு பங்கே இருந்தும், நாம் உட்கொள்ளும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. மயக்கத்தின்போது ரத்த அழுத்தம் தாழ்ந்தோ பிராணவாயு குறைந்தோ போவதால்தான் அது பாதிக்கப்படுகிறது என்பது அவர்கள் அனுமானம். ரத்தத்தில் பிராணவாயுவின் அளவையும் அழுத்தத்தையும் இடைவிடாமல் குறித்துக்கொண்டுவந்து பார்த்தபோது, அவ்விரண்டுக்கும் பின்னர் நேர்ந்த அறிவுத் தாழ்ச்சிக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் தென்படவில்லை. முதுமை, குறைந்த படிப்பு, நீண்ட நேர மயக்கம், மறுபடியும் ஒரு சிகிச்சை, கிருமித் தொற்று, சுவாசச் சிக்கல் ஆகியவையே முதல் வாரத் தாழ்ச்சியோடு இணைந்து நின்றன. மூன்று மாதத் தாழ்ச்சியோடு உறுதியாக இணைந்து நின்றது வயது ஒன்றுதான்.

அடுத்தபடியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது மயக்க மருந்து. மூட்டு மாற்றுச் சிகிச்சையே இந்த விசாரணைக்கு மிகவும் ஏற்றது. ஏனென்றால் அதே முழங்கால் சிகிச்சையை முழு மயக்கத்திலும் செய்யலாம், முதுகுத் தண்டின் அருகே ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்தும் நடத்தலாம். நியூயார்க்கில் முழங்கால் மாற்றுச் சிகிச்சைக்கு வந்த 262 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடும் முறையில் இரு பிரிவாக்கி, இவ்விரு முறைகளிலும் சிகிச்சை செய்து ஆறு மாதம் கவனித்த ஆராய்ச்சி 1995ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கு நீடித்த தாழ்ச்சி இருந்தது என்றும், இரு பிரிவுகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை என்றும் அது காட்டிற்று. 2003இல் வெளியான ஐரோப்பிய ஆராய்ச்சியில் மூன்று மாத முடிவு, முழு மயக்கத்தில் 14.3 சதவீதமும் மரத்துப்போகச் செய்த பிரிவில் 13.9 சதவீதமுமாக, ஏறக்குறைய சமமாகவே நின்றது. இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2021இல் வெளிவந்த பெரிய சோதனையிலும், சித்தக் கலக்கம் முதுகு ஊசிப் பிரிவில் 20.5 சதவீதம், முழு மயக்கப் பிரிவில் 19.7 சதவீதம் என்றே கண்டார்கள். மெல்போர்ன் நகர ஆராய்ச்சியாளர்கள் 2011இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்புக்குரியது: இடுப்பு மூட்டு மாற்றியவர்களில் 16 சதவீதம், இருதயத்தில் பைபாஸ் செய்துகொண்டவர்களில் 16 சதவீதம் மூன்றாம் மாதத்தில் தாழ்ச்சி காட்டியிருக்க, முழு மயக்கமே இல்லாமல் லேசான மருந்தோடு ஆஞ்சியோகிராம் மட்டும் செய்துகொண்டவர்களில் 21 சதவீதம் அதே தாழ்ச்சியைக் காட்டினார்கள். மயக்க மருந்தே மூலகாரணம் என்ற நம்பிக்கை இத்தனை சாட்சியங்களுக்கு முன் நிற்க இயலாது.

அப்படியானால் காரணத்தை அறுவை நிகழும் இடத்திலேயே தேடிப் பார்க்க வேண்டும். முழங்கால் சிகிச்சையில், தொடையைச் சுற்றி டூர்னிக்கெட் என்னும் இறுக்குப் பட்டையைக் கட்டிக் காற்றை ஏற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்துவது பரவலான வழக்கம். தேய்ந்த எலும்பு முனைகளை ரம்பத்தால் சீவுகிறார்கள். பல கருவிமுறைகளில் தொடை எலும்பின் உட்குழலுக்குள் நீண்ட கம்பி ஒன்றைச் செலுத்தி வெட்டின் கோணத்தை நிர்ணயிக்கிறார்கள். கம்பி உள்ளே செல்லச் செல்ல மஜ்ஜையில் அழுத்தம் ஏறி, கொழுப்புத் துளிகளும் மஜ்ஜைத் துணுக்குகளும் சிரைகளுக்குள் பிதுங்குகின்றன. பிறகு பட்டையைத் தளர்த்தியதும், தேங்கியிருந்தவை ரத்தத்தோடு ஒருங்கே இருதயத்தை நோக்கி விரைகின்றன. அவற்றுள் பெரும்பகுதி நுரையீரலில் தங்கிவிடுகிறது. மிகச் சிறியவை சில அதையும் கடந்து மூளையின் ரத்தக் குழாய்களை எட்டுகின்றன. நெற்றிப்பொட்டில் டாப்ளர் கருவியை வைத்துக் கேட்ட ஆராய்ச்சியாளர்கள், இந்த நுண் துணுக்குகள் கடந்து செல்லும் ஒலிக்குறிகளைப் பல நோயாளிகளிடம் பதிவு செய்திருக்கிறார்கள். ஆயினும் ஒலிக்குறிகள் மிகுந்தவருக்கே ஞாபகம் மிகுதியாகக் குறைந்தது என்ற நேரான கணக்கு அவர்களுக்குக் கிட்டவில்லை. துணுக்குகள் ஓரளவு பங்கேற்கலாம். முழுக் கதை அவற்றில் அடங்கவில்லை.

இன்றைய விஞ்ஞானம் அதிக நம்பிக்கையோடு சுட்டுவது, காயத்துக்குத் தேகம் அளிக்கும் விடையை. எலும்பு வெட்டப்பட்டதும், சிதைந்த உயிரணுக்களிலிருந்து வெளியாகும் பொருள்கள் அபாய அறிவிப்பாக ரத்தத்தில் பரவுகின்றன. வெள்ளையணுக்கள் கிளர்ந்தெழுந்து சைட்டோகைன் என்னும் தூதுப் பொருள்களைச் சுரக்கின்றன. காயம் ஆறுவதற்கு இந்த அழற்சி இன்றியமையாதது. ஆனால் தூது காலோடு நின்றுவிடுவதில்லை. எலிகளின் பின்னங்காலில் எலும்பை மயக்கத்தில் முறித்துக் கம்பி வைத்துச் சேர்த்த ஆராய்ச்சியாளர்கள், மூளையில் ஞாபகத்துக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் இன்டர்லூக்கின்-1 என்னும் அழற்சிப் பொருள் பெருகுவதையும், மூளையின் காவல் அணுக்களான மைக்ரோகிளியாக்கள் உசுப்பப்படுவதையும், அந்த எலிகள் முன்பு கற்ற பாடத்தை மறந்து தடுமாறுவதையும் 2010ஆம் ஆண்டையொட்டிய ஆண்டுகளில் விவரித்தார்கள். மயக்க மருந்து மட்டும் கொடுக்கப்பட்டு அறுவைக்கு உட்படாத எலிகள் அவ்வாறு தடுமாறவில்லை. அழற்சியின் தூதைத் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே செலுத்தியபோது, அறுவைக்கு உட்பட்டவற்றின் மறதியும் குறைந்தது. எலியில் கண்டது மனிதனுக்கு அப்படியே பொருந்திவிடாது என்றாலும், காலில் பட்ட காயம் தலையை எட்டும் மார்க்கம் ஒன்று உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் அரிது.

மூளையில் அந்த மார்க்கம் விட்டுச்செல்லும் தடத்தை மனிதரிடத்தும் காண முயன்றிருக்கிறார்கள். ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், முழங்கால் மாற்றிக்கொண்ட அறுபது வயதுக்கு மேற்பட்ட 48 பேரைச் சிகிச்சைக்கு முன்னும், முடிந்து இரண்டு தினங்களுக்குள்ளும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று இசைந்து இயங்கும் பாங்கை ஒப்பிட்டு 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அந்த இசைவு கணிசமாகக் குலைந்திருந்தது. முன்பே ஞாபகத்தில் பலவீனமும் மூளையில் தேய்வும் இருந்தவர்களுக்கே அது எளிதில் குலைந்தது.

இதிலிருந்து ஒரே காயம் ஒருவரைக் கலக்க, மற்றொருவரைத் தொடாமல் போவது ஏன் என்பது விளங்குகிறது. மாரியில் விளிம்புவரை நிறைந்த கிணற்றில் நாலு குடம் கூடுதலாக இறைத்தால் யாருக்கும் தெரிவதில்லை. கோடையில் அடி மணல் தெரியும் கிணற்றில் அதே நாலு குடம் ஊற்றையே கலக்கிவிடும். படிப்பு, தொழில், நல்லோர் சகவாசம், ஆரோக்கியமான ரத்தக் குழாய்கள் ஆகியவற்றால் ஆயுள் முழுதும் சேமித்த மூளையின் இருப்பு, முதுமையாலும் சர்க்கரை நோயாலும் பழைய பக்கவாதத்தாலும், இன்னும் வெளிப்படாத அல்சைமர் நோயாலும் ஓசையின்றிக் குறைந்துகொண்டே வருகிறது. சஸ்திர சிகிச்சை அந்த இருப்பைக் களவாடுகிறது என்பதைவிட, இருப்பு எவ்வளவு என்று வெளிக்காட்டிவிடுகிறது என்பதே பல சமயங்களில் பொருந்தும்.

நெடுங்காலக் கேள்விக்கு வருவோம். மூட்டை மாற்றிக்கொள்வதால் புத்தி நிரந்தரமாகக் குன்றிவிடுமா? பிரிட்டனில் அரசாங்க ஊழியர்கள் 7,532 பேரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஒயிட்ஹால் ஆராய்ச்சி, பெரிய சஸ்திர சிகிச்சை ஒன்றினால் ஏற்படும் சராசரித் தாழ்ச்சி, ஐந்து மாத முதுமைக்கும் குறைவானது என்று 2019இல் அறிவித்தது. பக்கவாதத்தினாலோ அது பதின்மூன்று ஆண்டு முதுமைக்குச் சமம். டென்மார்க்கில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையர்களிடம் நடந்த ஆராய்ச்சியிலும் சஸ்திர சிகிச்சையின் பாதிப்பு மிக அற்பமாகவே இருந்தது. அதிலும் இடுப்பு, முழங்கால் மூட்டுகளை மாற்றிக்கொண்டவர்கள் மற்றவர்களைவிடச் சற்று மேலான மதிப்பெண் பெறும் போக்கைக் காட்டினார்கள். தீராத வலி மனத்தின் கவனத்தையும் இரவின் உறக்கத்தையும் தின்கிறது; வலி நீங்கி நடமாட்டம் திரும்பினால் இரண்டும் மீளக்கூடும் என்று எண்ண இடமுண்டு. ஆனால் சராசரி என்பது எல்லோருடைய கதையும் ஆகாது. பாஸ்டன் நகரில் எழுபது வயது கடந்த 560 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, திட்டமிட்ட சிகிச்சைக்குப்பின் சித்தக் கலக்கம் கண்ட 24 சதவீதத்தினர், முதல் மாதத்தில் தாழ்ந்து, இரண்டாம் மாதத்தில் மீண்டு, பின்னர் மூன்று ஆண்டுகளில் மற்றவர்களைவிட வேகமாகச் சரிந்தார்கள். ஆகையால் அந்த முதல் சில இரவுகளை 'வயதானவர்களுக்கு இது சகஜம்' என்று தள்ளிவிடுவதற்கில்லை.

இந்த இடத்தில்தான் விஞ்ஞானம் நமக்கு ஒரு நல்வார்த்தை சொல்கிறது: சித்தக் கலக்கத்தில் கணிசமான பகுதியைத் தடுக்க முடியும், அதற்கு அபூர்வ மருந்து எதுவும் வேண்டியதில்லை. ஷாரன் இனோயி என்ற முதியோர் வைத்தியர், யேல் பல்கலைக்கழக மருத்துவமனையில் எழுபது வயது கடந்த 852 பொது நோயாளிகளிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இன்ன நாள் இன்ன இடம் என்று அவ்வப்போது நினைவூட்டுதல், சீக்கிரம் எழுப்பி நடமாடவைத்தல், மூக்குக் கண்ணாடியையும் காதொலிக் கருவியையும் தவறாமல் அணிவித்தல், போதிய நீர் பருகச்செய்தல், தூக்க மாத்திரைக்குப் பதிலாகச் சூடான பாலும் மெல்லிய இசையும் முதுகு பிடித்துவிடுதலுமாக உறக்கத்துக்கு உதவுதல் ஆகிய எளிய பணிவிடைகளால், கலக்கம் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதத்துக்கு இறங்கிற்று. இடுப்பெலும்பு முறிந்த 126 பேரிடம் பாஸ்டனில் நடந்து 2001இல் வெளியான மற்றொரு சோதனையில், முதியோர் வைத்தியர் ஒருவர் தினந்தோறும் வந்து மருந்துகளையும் நீரையும் வலியையும் உறக்கத்தையும் சீர்பார்த்ததனாலேயே, கலக்கம் 50 சதவீதத்திலிருந்து 32 சதவீதமாகக் குறைந்தது.

நம் ஊர் மருத்துவமனைகளில் நோயாளியின் கட்டிலருகே ஓர் உறவினர் இரவும் பகலும் தங்கும் வழக்கம் உண்டு. தெரிந்தோ தெரியாமலோ நம்மிடம் இருக்கும் பெருஞ்செல்வம் அது. அந்த உறவினர் செய்யக்கூடியவை பல. சிகிச்சை அறைக்குப் போகுமுன் வாங்கிவைத்த கண்ணாடியையும் காதுக் கருவியையும் பல்செட்டையும் நினைவு வந்தவுடனே திருப்பிக் கொடுக்கவேண்டும். பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் படச்செய்து, இரவில் பேச்சையும் கைப்பேசியையும் அடக்கிவைக்கவேண்டும். பிசியோதெரபி செய்பவர் வந்து எழுப்பும்போது 'இன்று வேண்டாம்' என்று பரிந்துபேசித் தடுக்காமலிருக்கவேண்டும். பிதற்றல் தோன்றினால் வாதாடவோ அதட்டவோ கையைக் கட்டவோ முற்படாமல், தாம் இன்னார், இது இன்ன இடம், கால் நன்றாக இருக்கிறது என்று தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, அதே சமயம் வைத்தியருக்குச் செய்தி அனுப்பவேண்டும். ஏனெனில் அந்தப் பிதற்றலின் பின்னால் அடைபட்ட சிறுநீரோ, தாழ்ந்துபோன சோடியமோ, அடங்காத வலியோ, மார்பில் தொடங்கும் கிருமித் தொற்றோ மறைந்திருக்கலாம்.

வைத்தியரிடம் மறைக்கக்கூடாத செய்திகளும் உண்டு. தினந்தோறும் மது அருந்திவந்தவர் மருத்துவமனையில் திடீரென்று நிறுத்தும்போது, இரண்டாம் மூன்றாம் நாளில் கடுமையான சித்தக் கலக்கம் எழக்கூடும்; பல ஆண்டுகளாகத் தூக்க மாத்திரை சாப்பிட்டவர் சட்டென்று விட்டாலும் அப்படியே. வெட்கத்தால் இவற்றைச் சொல்லாமல் விடுவது ஆபத்து. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் பழைய மாத்திரைகள் சிலவும், தூக்கத்துக்கான டயஸிபாம் இன மருந்துகளும், மூளையில் அசெட்டைல்கோலின் என்னும் ஞாபகத் தூதுப் பொருளைத் தடுத்தோ, விழிப்பையே மழுக்கியோ வயோதிகரைக் கலங்கவைக்கும் இயல்புடையவை. வீட்டில் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோய் மயக்க மருந்து நிபுணர் முன் வைப்பது மிக நல்ல பழக்கம்.

இவை யாவற்றுக்கும் முந்தியதும் முக்கியமானதுமான காரியம் ஒன்று உண்டு. மூட்டு மாற்றுச் சிகிச்சை, பெரும்பாலும் நாள் குறித்துச் செய்யப்படுவது, அவசரம் இல்லை. அதற்குமுன் ரத்தத்தில் சர்க்கரையை அளக்கிறோம், ஈ.சி.ஜி. எடுக்கிறோம், எக்ஸ்ரே பார்க்கிறோம், பல்லில் சொத்தை உண்டா என்றுகூடக் கேட்கிறோம். புத்தியை மட்டும் யாரும் கேட்பதில்லை. மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைக்கச்செய்து, கடிகார முகம் ஒன்றை வரைந்து பதினொன்று பத்தைக் காட்டும்படி முட்களை இடச்சொல்லி, பிறகு அந்த மூன்று சொற்களையும் திருப்பிக் கேட்கும் எளிய சோதனைக்கு மூன்று நிமிஷம் போதும். அதில் தடுமாறுகிறவருக்குச் சிகிச்சையை மறுக்கவேண்டியதில்லை. அவருக்கு எந்த மருந்தைத் தவிர்ப்பது, எந்த இரவுகளில் கூடுதல் காவல் வைப்பது, குடும்பத்தாரை எதற்குத் தயார்செய்வது என்பதை முன்கூட்டித் தீர்மானிக்கலாம். பெட்ஃபோர்டின் ஆராய்ச்சியில் இருந்த குறையும் இதுதான்: முன்னிலை தெரியவில்லை. எழுபது ஆண்டுகளாகியும் பெரும்பாலான நோயாளிகள் விஷயத்தில் நாம் அந்தக் குறையோடுதான் காலம் தள்ளுகிறோம்.

முழங்கால் வலியால் முடங்கிக் கிடக்கும் முதியவரிடம், 'புத்தி கெட்டுவிடும், ஆபரேஷன் வேண்டாம்' என்று சொல்வதற்கு இன்றைய ஆதாரங்கள் இடந்தரவில்லை. 'ஒன்றும் ஆகாது' என்று சொல்லிக் கதவை மூடுவதற்கும் அவை இடந்தரவில்லை. சில நாட்கள் கலக்கமும் சில வாரங்கள் மந்தமும் நேரலாம், பெரும்பாலோருக்கு அது நீங்கிவிடும், நீங்காதிருந்தால் எம்மிடம் வாருங்கள் என்று வெளிப்படையாகக் கூறுவதே வைத்திய தர்மம். சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் தரப்படும் சீட்டில், மடக்கினால் முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று எழுதுகிறார்கள். அதற்கு அடுத்த வரியில், சிகிச்சைக்கு முன் நினைவில் நின்ற சொற்கள் எத்தனை, இப்போது நிற்பவை எத்தனை என்றும் எழுதட்டும். ஒரு மாதம் கழித்துத் தையலையும் நடையையும் பார்க்கும் வைத்தியர், அந்த வரியையும் பார்த்து ஒரு கேள்வி கேட்கட்டும். செலவில்லாத இந்த ஒரு வழக்கம் நம் மருத்துவமனைகளில் வேரூன்றுமானால், புதிய மூட்டோடு எழுந்து நடக்கும் முதியவர், தாம் எங்கே புறப்பட்டோம், எதற்காகப் புறப்பட்டோம் என்ற தெளிவோடும் நடப்பதற்கு நாம் செய்யக்கூடியதைச் செய்தவர்களாவோம்.